வேலை போச்சு! குருவி பேர் வாங்கித் தந்தது!

பறவை மனிதர் சலீம் அலி 1896-ல் பம்பாயில் பிறந்தவர். சின்ன வயசிலேயே தாய், தந்தை இறந்துவிட்டனர். மாமா வீட்டில் வளர்ந்தார்.

மஞ்சள் தொண்டை

சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு! இது என்ன குருவி என்று கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே பாடம் செய்த பறவைகளைக் காட்டினார்கள். அன்று பிடித்த பறவைப் பைத்தியம் கடைசிவரை விடவில்லை.

ஆனால் கையில் பட்டம் இல்லை. மியூசியத்தில் ஒரு வேலை இருந்தது. 1930-ல் ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள்!

தூக்கணாங்குருவி

வேறு ஆளாக இருந்தால் ஒடிஞ்சு போயிருப்பார். இவரோ மனைவியுடன் கிஹிம் என்ற கடலோர கிராமத்தில் குடியேறினார். தூக்கணாங்குருவிகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்க்கும். பிடித்தால்தான் குடிவரும். அது முட்டையிட்டதும், ஆண் அடுத்த கூடு, அடுத்த ஜோடி என்று கிளம்பிவிடும்! இந்தக் குட்டை உடைத்தவர் சலீம் அலிதான்.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புத்தகம் வந்தது. 1976-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1987-ல், 90 வயதில் காலமானார்.

சம்பளம் இல்லாமல், ஆசைக்காகப் பார்த்த வேலைதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது.