நத்தார் விண்மீனும் ஆதர் கிளார்க்கும்

நத்தார் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் குருநகரில் வீட்டுக்கு வீடு விண்மீன் ஏறிவிடும். மூங்கிற் சிலாகையை வளைத்துக் கட்டி, நிறக் கடதாசி ஒட்டி, நடுவிலே விளக்கு வைத்து, முற்றத்து மரத்திலே உயர ஏற்றுவார்கள். கடலிலிருந்து திரும்பும் வள்ளங்களுக்கு ஊரின் விளக்கு வரிசை தனியழகாகத் தோன்றும். இந்த ஊரிலே பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவருக்கு விஞ்ஞானம் கற்பித்தவன் நான். ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவன் என்னிடம் அதே வினாவை எழுப்பத் தவறுவதில்லை. மூவிராசாக்களுக்கு வழிகாட்டிய வெள்ளி மெய்யாகவே வானத்தில் தோன்றியதா? தோன்றியதாயின் அது யாது?

வியாழனும் சனியும் கி. மு. 7ஆம் ஆண்டில் நெருங்கி நின்றமையைக் கெப்ளர் என்னும் வானியலறிஞர் கணித்ததைச் சொல்வேன். கி. மு. 5ஆம் ஆண்டிலே புதிய வான்பொருள் ஒன்று எழுபது நாட்களுக்கு மேல் காணப்பட்டதாகச் சீனர் எழுதி வைத்த குறிப்பையுஞ் சொல்வேன். அத்துடன் நிறுத்திக்கொள்வேன். சொல்லாமல் விட்ட விடை ஒன்று என் நெஞ்சில் நெடுங்காலம் கிடந்தது. அவ்விடையை ஒரு கதையாக எழுதியவர் எங்கள் தீவையே தமது வீடாகக் கொண்டு வாழ்ந்து, இந்த மண்ணிலேயே அடங்கிய ஆதர் சி. கிளார்க் ஆவார். அவர் வரலாற்றையும், அக்கதை தொலைக்காட்சித் திரைக்கு வந்தபோது அடைந்த மாற்றத்தையும் இங்கே கூற விரும்புகின்றேன்.

கிளார்க் 1917ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் தேதி இங்கிலாந்தின் சொமர்செற் பகுதியிலுள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிலே பிறந்தார். தந்தையார் கமக்காரர். தாயார் மணமாகுமுன் தபாற் கந்தோரில் தந்தி அனுப்பும் தொழில் புரிந்தவர். 1931இல் தந்தை இறந்தபோது மூத்த பிள்ளையாகிய கிளார்க்குக்கு வயது பதின்மூன்று. நான்கு பிள்ளைகளையும் தோட்டத்தையும் தாயாரே தாங்கினார். சிறுவன் தானே செய்த தொலைநோக்கியால் சந்திரனை அளந்தான். அமெரிக்காவிலிருந்து வந்த மலிவு விலை விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளைத் தேடித் தேடி வாசித்தான். கல்லூரிப் படிப்பைத் தொடர வசதியின்மையால் 1936இல் இலண்டனுக்குச் சென்று அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியில் எழுதுவினைஞராய் அமர்ந்தார்.

உலகப் போர் வந்தது. 1941இல் விமானப் படையிற் சேர்ந்து, மூடுபனியில் வழி தெரியாத விமானங்களை ராடார் கருவியின் துணையால் தரையிறக்கும் முயற்சியிலே பணிபுரிந்தார். போர் முடிந்த ஆண்டாகிய 1945இன் ஒக்டோபர் மாதத்தில் வானொலித் தொழிற்கலைச் சஞ்சிகை ஒன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமியைச் சுற்றிவர ஒரு நாள் செல்லும். பூமியும் அதே ஒரு நாளில் தன்னைச் சுற்றுவதால் அச்செய்மதி வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அத்தகைய மூன்று இருந்தால் உலகு முழுவதற்கும் ஒலியையும் ஒளியையும் அஞ்சல் செய்யலாம் என்பதே அக்கட்டுரையின் சாரம். அதற்குக் கிடைத்த ஊதியம் 15 பவுண். உரிமைப் பதிவு எதுவும் அவர் செய்யவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்று, 1964இல், சின்கொம் 3 என்னும் செய்மதி அவர் கூறிய நிலையிலே போய் நின்றது.

போருக்குப் பின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பிற் சித்தியெய்திய இவர், எழுத்தையே தொழிலாகக் கொண்டார். இங்கே மாணவர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1948இல் பி. பி. சி. நடத்திய சிறுகதைப் போட்டிக்கு ஒரு கதை அனுப்பினார், பரிசு கிடைக்கவில்லை. சந்திரனில் யாரோ விட்டுச்சென்ற காவற் பொருளைப் பற்றிய அக்கதையே பின்னர் ஸ்டான்லி கியூப்ரிக்குடன் சேர்ந்து அவர் ஆக்கி, 1968இல் வெளியாகிய ‘2001’ என்னும் திரைப்படத்துக்கு வித்தாயிற்று. மீண்டும், கி. பி. 2500ஆம் ஆண்டு என்னும் பொருளில் இலண்டன் ஒப்சேவர் பத்திரிகை நடத்திய போட்டிக்கு இன்னொரு கதையை எழுதினார். அதற்கும் பரிசில்லை. ‘விண்மீன்’ என்பது அக்கதையின் பெயர். 1955 நவம்பரில் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் அது அச்சேறியது. மறு ஆண்டு, விஞ்ஞானக் கதைகளுக்குரிய ஹியூகோ விருதைப் பெற்றது. நடுவர் தள்ளிய இரண்டும் நின்று நிலைத்தன!

கதை இதுதான். நெடுந்தூரம் விண்வெளியிற் சென்ற கப்பல் ஒன்றில், இயேசு சபைத் துறவி ஒருவர் தலைமை வானியலறிஞராய் இருக்கின்றார். ஒரு காலத்தில் வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சத்தை ஆராய அவர்கள் செல்கின்றனர். தன் எரிபொருள் தீர்ந்த பெரு விண்மீன் உள்ளே இடிந்து, அடுத்த கணம் கோடி ஞாயிறுகளின் ஒளியோடு வெடிப்பதையே சூப்பர்நோவா என்கிறோம். அந்த வெடிப்பிலே அருகிலிருந்த உலகங்களெல்லாம் வெந்தன. கடைக்கோடிக் கிரகத்தில் மட்டும் ஒரு பெட்டகம் தப்பிக் கிடக்கின்றது. தங்கள் முடிவை முன்னரே அறிந்த ஓர் அழகிய மக்கட் கூட்டம், தாம் வாழ்ந்த வாழ்வின் சின்னங்களை அதிலே சேமித்து வைத்திருந்தது. துறவியார் அவ்வொளி பூமியை அடைந்த ஆண்டைக் கணிக்கின்றார். அந்த ஆண்டு எதுவென நான் சொல்ல வேண்டியதில்லை. இறைவனை நோக்கிய ஒரு வினாவோடு கதை நின்றுவிடுகின்றது.

கிளார்க் 1954 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியிற் கொழும்புத் துறைமுகத்திலே சிறிது தங்கினார். தீவு அவரைப் பற்றிக்கொண்டது. 1956இல் வந்து குடியேறினார். கடலுக்குள் எடையற்று மிதப்பது விண்வெளியில் மிதப்பதை ஒத்தது என்பதே சுழியோடுதலில் அவர் கொண்ட விருப்பத்துக்குக் காரணம். அவ்வாண்டிலே நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைச் சுவாமிப் பாறையின் அடியிற் சுழியோடி, பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் செதுக்குத் தூண்களையும் கற்களையும் கடலடியிற் கண்டார். 1957இல் வெளியாகிய தமது நூலில் அதனைப் பதிந்துமிருக்கின்றார். அழிந்த மக்களின் சின்னத்தைக் கண்டெடுக்கும் கதையை எழுதிய கையே, மறு ஆண்டில் எங்கள் கடலின் அடியில் அத்தகைய சின்னத்தைத் தொட்டது.

1962இல் நோயால் உடல் முடங்கினார். பின்னர் ஓரளவு தேறினார். 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கிய வேளை அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளக்கவுரையாற்றினார். 1975இல் இந்திய விண்வெளி நிறுவனம் 2,400 கிராமங்களுக்குச் செய்மதிக் கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அதன் பொறியியலாளர் கொழும்பிலிருந்த அவர் இல்லத்திலே பெரிய வாங்கித் தட்டு ஒன்றை நாட்டினர். இலங்கையில் ஒளிபரப்பு ஆரம்பமானது 1979இலேதான். தாம் கண்ட கனவை முப்பது ஆண்டுகளின் பின் தம் வீட்டு முற்றத்திலே கண்ணாரக் கண்டவர் வேறு யாவர்? 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். றொட் சேர்லிங் 1959இல் தொடங்கிய ‘ட்வைலைட் சோன்’ என்னும் புகழ்பெற்ற தொடர், அவர் மறைந்து பத்தாண்டுகளின் பின், 1985இல் மீண்டும் உயிர்பெற்றது. அவ்வாண்டு டிசெம்பர் 20ஆந் தேதி ஒளிபரப்பாகிய நத்தார்க் காட்சியில் மூன்று கதைகள் இடம்பெற்றன; இறுதிக் கதை ‘விண்மீன்’. துறவியாய் நடித்த பிரிட்ஸ் வீவர் பழைய தொடரிலும் இரண்டு கதைகளில் நடித்தவர். உலகப் போரிலே ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்குப் பதிலாகப் பொதுப்பணி செய்தவர். இயக்கியவர் கேர்ட் ஒஸ்வால்ட். பேர்லினிற் பிறந்த யூதக் குடும்பத்தினர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, திரைப்பட இயக்குநரான தந்தையாருடன் நாடு விட்டு நாடு சென்றவர்.

திரைக்கதை எழுதிய அலன் பிரெனெட், மூலத்தில் இல்லாத முடிவொன்றைச் சேர்த்தார். கலங்கி நிற்கும் துறவியிடம், கடவுள் நம்பிக்கையற்ற தோழர் வந்து, பெட்டகத்திற் கிடைத்த பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டுகின்றார். தங்களுக்காக அழவேண்டாம், தாங்கள் அன்போடு நிறைவாய் வாழ்ந்து முடித்தவர்கள், இருளிலே தனித்து நடப்போருக்காக வருந்துங்கள் என்பது மாண்டவர் விட்டுச்சென்ற செய்தி. கிளார்க் வினாவில் நிறுத்தியதைத் தொலைக்காட்சி விடையாக்கிற்று.

எனக்கு அம்முடிவு முதலில் ஒவ்வவில்லை. காரணம் சொல்கிறேன். 1993ஆம் ஆண்டு நவம்பரில் எங்கள் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு விழுந்தது. ஆலயத்திற் கூடியிருந்தோர் மாண்டனர். அடுத்த தெருவிலிருந்து ஓடிச்சென்று நான் கண்டதை இங்கே எழுதேன். அக்காலத்திலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தியே படித்தோம். அந்த நத்தாருக்கு விண்மீன் ஏற்றுவதா விடுவதா என்று ஊர் தயங்கியது. இறந்தவர் இறைவனின் திட்டப்படியே போனார்கள் என்று ஆறுதல் சொல்ல வந்தவரிடம், பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிரவு, இளமையில் இரவல் வாங்கி வாசித்த கிளார்க்கின் கதை என் நினைவுக்கு வந்தது. விடையில்லாத முடிவே நேர்மையானது என்று எண்ணினேன். பல ஆண்டுகள் கழித்து மகளின் கணினியிலே தொலைக்காட்சி வடிவத்தைக் கண்டபோது, இது மலிவான ஆறுதல் என்று சினந்தேன்.

பின்னர் ஒன்றைக் கவனித்தேன். அத்திரைக்கதையிலே தேறுதல் கூறுவோர் தப்பியவர்களல்லர், மாண்டவர்களே. துறவியும் விளக்கவில்லை, தோழரும் விளக்கவில்லை. கையிற் கிடைத்ததை வாசிக்க மட்டுஞ் செய்தார்கள். பிறருடைய சாவுக்குப் பொருள் கூற உயிரோடிருப்பவனுக்கு உரிமையில்லை. அவர்கள் விட்டுச்சென்றதைக் காத்து வாசிப்பதே அவனுக்கு ஆகும். ஊரை இழந்து ஓடிய ஒஸ்வால்ட் அதனை அறிந்திருப்பார் என்பது எனது துணிபு. அந்தத் தாயும் அந்த நத்தாருக்கு விண்மீன் ஏற்றினாள். அவள் பிள்ளை முந்திய ஆண்டிலே கட்டிய கூடு அது. ஏன் ஏற்றினாள் என்று எவரும் கேட்கவில்லை.

கிளார்க் தமது இறுதி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியிற் கழித்தார். 2004இன் ஆழிப்பேரலை, ஹிக்கடுவையில் அவர் அமைத்திருந்த சுழியோடிகள் நிலையத்தை அழித்தது. 2005இல் ‘ஸ்ரீ லங்காபிமான்ய’ என்னும் நாட்டின் உயர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2008 மார்ச் 19ஆந் தேதி, தமது தொண்ணூறாவது வயதிலே கொழும்பிற் காலமானார். எந்தச் சமயச் சடங்கும் கூடாதென்று எழுதி வைத்திருந்தார். அவ்வாறே 22ஆந் தேதி பொரளை மயானத்தில் அடக்கம் நடைபெற்றது. கத்தோலிக்கருக்கு அது பெரிய வாரத்துச் சனிக்கிழமை. அன்றிரவு எங்கள் ஆலயத்தில் விளக்கனைத்த இருளிலே ஒற்றை மெழுகுதிரியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவராய்ச் சுடர் வாங்கிக்கொண்டோம். அவருக்கு நம்பிக்கையில்லாத வழிபாடுதான். ஆயினும் என் கைத்திரி பற்றியபோது நான் நினைத்தது அவரையே.

இவ்வாண்டும் மாணவன் ஒருவன் கேட்பான். இனி அவனுக்குக் கெப்ளரையும் சீனரையும் சொல்லியபின், கிளார்க்கின் கதையையும் சொல்வேன். முடிவு எதுவென்று அவனையே தேடச் சொல்வேன்.