மடத்துச் சுவரில் ஒரு தூரிகை

இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள விக்கியோ என்னும் ஊர்ப்புறத்தில், 1395ஆம் ஆண்டளவில் பிறந்தவர் கீதோ. அர்ச். சாமிநாதர் சபையிற் சேர்ந்து சகோதரர் ஜொவான்னி எனப் பெயர்பெற்ற இவரையே உலகம் பிரா அஞ்சலிக்கோ, அதாவது சம்மனசை ஒத்த சகோதரர், என்று அழைத்துவருகின்றது.

துறவறம் புகுமுன்னரே, 1417இல், அவர் ஓவியராகப் பதிவு பெற்றிருந்தார். கையெழுத்து நூல்களை நுண்சித்திரங்களால் அலங்கரிக்கும் வேலையிலும் கைதேர்ந்தவர். பொற்றகடும், கடல் கடந்து வந்த நீலக்கல்லை அரைத்தெடுத்த விலையுயர்ந்த நீலமும் அத்தொழிலின் உயிர். இளவயதில் மறைந்த மசாச்சோவின் சுவரோவியங்களோ, மனித உடலுக்குக் கனமும் நிழலும் உண்டென்பதை அவருக்குக் கற்பித்தன.

1438 அளவில், செல்வர் கோசிமோ தெ மெதிச்சியின் பொருளுதவியால் சான் மார்க்கோ மடம் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் சுவர்களில் சித்திரம் தீட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. மேல்மாடியில் நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றறைகள். அறைக்கொரு சித்திரம்; அதைப் பார்க்கப்போகிறவர் அங்கு வசிக்கும் ஒரே துறவி!

அன்றன்று தீட்டக்கூடிய அளவுக்கே காலையில் சுண்ணாம்புச் சாந்து பூசப்படும். ஈரம் உலருமுன் நீரிற் குழைத்த வர்ணத்தைத் தீட்டிவிட வேண்டும். தவறினால் அழிக்கமுடியாது, சாந்தைக் கொத்தியெடுத்து மீண்டும் பூசவேண்டியதுதான். மன்றாடாமல் அவர் தூரிகையைத் தொட்டதில்லை, தீட்டியதைத் திருத்தியதுமில்லை என்று ஒரு நூற்றாண்டின் பின் வசாரி எழுதிவைத்தார். திருத்தாததற்குப் பக்தி மட்டுமல்ல, சாந்தும் ஒரு காரணமே.

உதவியாளரும் உடன் உழைத்தனர். ஆயினும், பொன்னை நன்கறிந்த அந்தக் கை இவ்வறைகளிற் பொன்னை ஒதுக்கியதே வியப்பு. ஏழாம் அறையில் யேசு கண்கட்டப்பட்டு அமர்ந்திருக்கிறார். அடிப்பவர்களின் உடல்கள் இல்லை. வெறும் கைகளும், உமிழும் ஒரு தலையும் மாத்திரமே அந்தரத்தில் மிதக்கின்றன. கீழே தேவதாய் துயருற்றிருக்க, சாமிநாதர் அமைதியாக நூல் வாசிக்கிறார். கொடுமையை இதைவிடச் சிக்கனமாகக் காட்டிய சித்திரத்தைக் காண்பது அரிது. கோசிமோ தமக்கென வைத்திருந்த அறையில் மட்டும் மூன்று அரசர்களின் வருகை சற்று ஆடம்பரமாகவே அமைந்துள்ளது.

பின்னர் பாப்பரசர்களின் அழைப்பின்பேரில் உரோமையிற் பணியாற்றிய அவர், 1455 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். மினர்வா மரியன்னை ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது. 1982இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக ஏற்று, 1984இல் கலைஞர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.