மௌன வசந்தம் எழுதிய அம்மையார்

உழுதல், எருவிடல், நீர்பாய்ச்சல், காத்தல் என்னும் தொழில்களோடு களை கட்டலையும் சேர்த்தெண்ணியவர் திருவள்ளுவர். கொடியவரை அரசன் ஒறுத்தலுக்கும் பயிரிடையே களை நீக்குதலையே அவர் உவமையாகக் கூறினார். அக்குறளை மாணவர்க்கு விளக்கும்போது ஒரு நுட்பத்தை நான் எடுத்துக்காட்டுவதுண்டு. களை நீக்கும் கை, பயிர் இது, களை இது என அறிந்தே தொடுகின்றது. அறியாது தொடும் கை களையோடு பயிரையும் அழித்துவிடும். இவ்வுண்மையை இரசாயன மருந்துகள் மலிந்த காலத்துக்கு எடுத்துரைத்து, அதன் பொருட்டுப் பழிச்சொற் சுமந்து, கொடிய நோயோடு போராடி மறைந்தவர் அமெரிக்க நாட்டு றேச்சல் கார்சன் அம்மையார். பூச்சிநாசினிக்கு எதிராக எழுதியவர் என்றே பலரும் அவரை அறிவர். களைநாசினி பற்றியும் அவர் ஆழ்ந்து சிந்தித்தார் என்பதை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுகின்றேன்.

அம்மையார் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி, பென்சில்வேனியா மாநிலத்தில், அலகெனி ஆற்றை அடுத்துள்ள ஸ்பிறிங்டேல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். செல்வம் மிக்க குடும்பமன்று. எனினும் வீட்டைச் சூழ்ந்து பழமரச் சோலையும் காடும் இருந்தன. திருமணத்துக்கு முன் ஆசிரியப்பணி புரிந்த தாயார் மறியா, மகளை அக்காட்டிடை அழைத்துச் சென்று பறவை, பூச்சி, செடி என்பவற்றின் பெயரையும் இயல்பையும் கற்பித்தார். பதினொரு வயதிலேயே சிறுமியின் கதையொன்று சிறுவர் சஞ்சிகையில் அச்சேறியது. இயற்கையை நோக்கும் கண்ணும் எழுதும் கையும் ஒருங்கே வாய்த்த பிள்ளை அவர்.

எழுத்தாளராக வேண்டும் என்னும் எண்ணத்துடன் பெண்கள் கல்லூரியொன்றிற் சேர்ந்து ஆங்கில இலக்கியங் கற்கத் தொடங்கியவர், மேரி ஸ்கிங்கர் என்னும் ஆசிரியையின் வகுப்பினால் ஈர்க்கப்பட்டு உயிரியலுக்கு மாறினார். 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். மேலும் கற்க விரும்பினும், நாட்டைப் பீடித்திருந்த பொருளாதார மந்தம் இடங்கொடுக்கவில்லை. 1935இல் தந்தையார் இறந்தார். 1937இல் தமக்கையார் இரண்டு பெண் பிள்ளைகளை விட்டு இறந்தார். முதிய தாயையும் அப்பிள்ளைகளையும் தாங்கும் பொறுப்பு அவர் தலைமேல் வீழ்ந்தது. அரசாங்க மீன்வளப் பணியகத்தில் வானொலிக்குக் கடலுயிர்கள் பற்றி எழுதும் வேலை முதலிற் கிடைத்தது. 1936இல் அங்கேயே நிலையான உத்தியோகமும் வாய்த்தது. பகலெல்லாம் அலுவலகக் கடமை, இரவில் எழுத்து என அவர் காலங் கழிந்தது.

கடல் பற்றிய அவரது முதல் நூல் 1941 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதமே பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கவே, அந்நூலை வாங்குவாரிலர். பத்தாண்டு கழித்து, 1951இல், அவர் எழுதிய இரண்டாம் நூலோ 86 வாரங்கள் அதிக விற்பனை கொண்ட நூல்களின் வரிசையில் நின்றது. தேசிய நூற்பரிசும் கிடைத்தது. 1952இல் உத்தியோகத்தை விட்டு முழுநேர எழுத்தாளரானார். கடற்கரையோரம் ஒரு சிறு வீடும் அமைத்துக்கொண்டார். விரும்பியிருப்பின் எஞ்சிய நாளைப் புகழோடும் அமைதியோடும் கழித்திருக்கலாம். அவ்வாறு கழிக்க அவர் மனம் ஒருப்படவில்லை.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் அமெரிக்க வேளாண்மையிற் பெரியதொரு மாற்றம் நேர்ந்தது. பூச்சிகளைக் கொல்ல டி.டி.ரி. வந்ததுபோலக் களைகளைக் கொல்ல 2,4-டி என்னும் மருந்து 1945 தொடக்கம் விற்பனைக்கு வந்தது. அது செடிகளின் வளர்ச்சியைத் தூண்டும் இயற்கைப் பொருளை ஒத்தது. அகன்ற இலைச் செடிகளை அது ஒழுங்கற்று வளரச் செய்து கொல்லும். நெல், கோதுமை, சோளம் முதலிய புல்லினப் பயிர்களை அவ்வளவு தாக்காது. நாள் முழுதும் வயலிற் குனிந்து நின்று களை பிடுங்கும் பெண்களின் முதுகு நோவை அறிந்த எவரும் இத்தகைய மருந்தின் பயனை மறுக்கமாட்டார். களை மிகுந்தால் நீரும் எருவும் ஒளியும் களைக்கே போகும்; உழவனுக்கு எஞ்சுவது கடனே. ஆயின், வயலுக்கென வந்த மருந்து வயலோடு நிற்கவில்லை. வீதியோரம், மேய்ச்சல் நிலம், காடு எனக் கண்டவிடமெல்லாம், விமானத்திலிருந்துங்கூட, மழைபோல அது தெளிக்கப்பட்டது.

1958 ஜனவரியில், மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஓல்கா ஹக்கின்ஸ் என்னும் தோழியார் அம்மையாருக்கு ஒரு மடல் விடுத்தார். நுளம்பு ஒழிப்புக்காக விமானம் டி.டி.ரி. தெளித்தபின், தம் நிலத்திற் பறவைகள் துடித்து மாண்டன என்பது அதன் செய்தி. இது பற்றிப் பிறரை எழுதச் செய்ய முதலில் முயன்ற அம்மையார், ஈற்றிற் தாமே எழுதத் துணிந்தார். அடுத்த நான்காண்டுகள் ஆராய்ச்சி அறிக்கைகளைத் திரட்டுவதிலும், நிபுணர்களோடு கடிதத் தொடர்பு கொள்வதிலும் கழிந்தன.

1959 நவம்பரில் நிகழ்ந்த ஒரு சம்பவம் களைநாசினியை நாடெங்கும் பேசுபொருளாக்கியது. அமெரிக்கர் நன்றிகூறும் திருநாள் விருந்திற் தவறாது உண்பது கிறான்பெறி என்னும் சிறு பழம். அத்தோட்டங்களிற் பயன்பட்ட அமினோதிரையசோல் என்னும் களைநாசினி, எலிகளுக்குத் தைரொயிட் சுரப்பியிற் புற்றுநோய் உண்டாக்குவதாகச் சோதனையிற் கண்டனர். அறுவடைக்குப் பின்னரே தெளிக்கவேண்டிய அம்மருந்தைச் சிலர் முன்னரே தெளித்தமையால், அதன் எச்சம் பழத்திலும் காணப்பட்டது. சுகாதார அமைச்சர் ஆதர் பிளெமிங் இதனை வெளிப்படையாக அறிவிக்கவே, திருநாளுக்குச் சில வாரம் முன்னர் விற்பனை குலைந்தது. மருந்து தோட்டத்தில் நிற்பதில்லை, தட்டுக்கும் வரும் என்பதை மக்கள் அன்று கண்டனர்.

இவ்வேளையில் அம்மையாருக்கே கொடிய சோதனை நேர்ந்தது. 1958 டிசம்பரில் தாயார் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு தமக்கை மகளொருத்தி இறந்தமையால், அவளுடைய ஐந்து வயது மகனைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்து வந்தார். 1960 ஏப்ரலில் அவருக்கு மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை நடந்தது. சிகிச்சை செய்த வைத்தியர் நோயின் உண்மையை நோயாளிக்கு உரைக்கவில்லை. மாதங்கள் கழிந்து, வேறொரு வைத்தியரை நாடியபோதே அவர் அதனைத் தெளிவாக அறிந்தார். மக்கள் தம் உடலுட் செல்லும் நஞ்சை அறியும் உரிமை பெறவேண்டுமென எழுதிக்கொண்டிருந்தவருக்கு, தம் உடலின் நிலையே மறைக்கப்பட்டது. அந்நோயை அவர் உலகறியாது மறைத்துவைத்ததற்கும் காரணமுண்டு. புற்றுநோய் கண்டவர் இரசாயனத்தின்மேற் சினங்கொண்டு எழுதினார் எனப் பகைவர் நூலைத் தள்ளிவிடுவர் என்பது அவர் அச்சம்.

மௌன வசந்தம் என்னும் அந்நூல் 1962 செப்டெம்பர் 27இல் வெளிவந்தது. பறவைகளின் பாடல் கேளாத வசந்தகாலத்தையே அப்பெயர் குறித்தது. நூலில் ஓர் அதிகாரம் முழுதும் செடிகளையும் களைநாசினியையும் பற்றியது. மேற்கு மாநிலங்களில், மாட்டுக்குப் புல் வளர்க்கவென்று, சேஜ் என்னும் நறுமணப் புதர்களை மருந்தடித்து அழித்தனர். ஓரிடத்தில் ஓடைக்கரை வில்லோ மரங்களும் உடன்மாண்டன. அம்மரங்களை நம்பி வாழ்ந்த மூஸ் என்னும் பெருமான்கள் அகன்றன. அணைகட்டி நீர் தேக்கிய பீவர் என்னும் விலங்குகளும் மறைந்தன, ஏரி வற்றியது, மீனும் ஒழிந்தது. ஒரு செடியை நீக்கப்போய் ஓர் உலகமே குலைந்த கதை இது. மற்றொன்றையும் அவர் கண்டு கூறினார். அகன்ற இலைக் களைகளை 2,4-டி அழிக்கவே, அவ்விடத்திற் புல்லினக் களைகள் தழைத்துப் புதுத் தொல்லையாயின.

ஆயின், அம்மையார் மருந்தே கூடாதென்று வாதிட்டவரல்லர். இதனை அவரைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒருங்கே மறந்துவிடுகின்றனர். வீதியோரத்தில் எங்கும் தெளிப்பதை விடுத்து, நீக்கவேண்டிய மரத்தின் அடியில் மாத்திரம் மருந்திட்டு ஏனைய புதர்களைக் காக்கும் பிராங் எக்ளர் என்னும் அறிஞரின் முறையை அவர் போற்றி எழுதினார். களையை உண்ணும் பூச்சிகளை ஏவுதலும் அவர் காட்டிய வழிகளுள் ஒன்று. அவுஸ்திரேலியாவிற் கோடிக்கணக்கான ஏக்கரில் மண்டிய நாகதாளியை ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழுக்கள் தின்று ஒழித்தன. நாகதாளியைப் பூச்சியால் அடக்கும் முயற்சி எமக்கும் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்னிந்தியாவிலிருந்து அத்தகைய பூச்சி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது.

நூல் வெளிவந்தவுடன் எதிர்ப்புப் புயலெனக் கிளம்பியது. உணர்ச்சிவசப்பட்ட பெண் என்றனர். திருமணமாகாதவருக்கு வருங்காலச் சந்ததி பற்றி என்ன கவலை என எள்ளினர். பொதுவுடைமைவாதி எனவும் பழித்தனர். இரசாயனக் கம்பெனி ஒன்று வழக்கிடுவதாகப் பதிப்பகத்தை மிரட்டியது. அம்மையார் வசைக்கு வசை கூறினாரிலர். 1963 ஏப்ரலிற் தொலைக்காட்சியில் தோன்றி அமைதியாகத் தம் கருத்தை விளக்கினார். சனாதிபதி கென்னடி நியமித்த விஞ்ஞான ஆலோசனைக் குழு மே மாதம் அளித்த அறிக்கை, அவர் கூற்றுக்குப் பெரிதும் அரணாயிற்று. ஜூன் மாதம், சிகிச்சையினால் உதிர்ந்த கூந்தலைப் பொய்க்கூந்தலால் மறைத்து, செனற் சபையின் உபகுழு முன் சாட்சியம் அளித்தார். அங்கும் அவர் வேண்டியது, மக்கள் தம் வீட்டில் நஞ்சு தெளிக்கப்படாது காக்கப்படும் உரிமையும் முன்னறிவித்தலுமே. 1964 ஏப்ரல் 14இல், 56ஆம் வயதில், அவர் காலமானார்.

அவர் மறைந்தபின் காலம் அவர் சொல்லுக்குச் சான்று பகர்ந்தது. 1970இல் அமெரிக்காவிற் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் அமைந்தது. 1972இல் அது டி.டி.ரி.யின் வேளாண்மைப் பயன்பாட்டைத் தடுத்தது. அவர் ஐயத்துடன் நோக்கிய 2,4,5-ரி என்னும் களைநாசினி, 2,4-டியுடன் கலந்து வியட்நாம் காடுகளின்மேல் கொட்டப்பட்டது. அதிற் கலந்திருந்த டையொக்சின் என்னும் நஞ்சினால் நேர்ந்த துயரை உலகறியும். 1985இல் அமெரிக்காவில் 2,4,5-ரி முற்றாக நீக்கப்பட்டது. 2,4-டியோ பல நாடுகளில் இன்றும் புழங்குகின்றது. ஒரே குடும்பத்து மருந்துகள் இரண்டனுள் ஒன்று விலக்கப்பட, மற்றொன்று நிலைபெற்றது. எல்லா மருந்தையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாதென்பதற்கு இதுவே போதும்.

இப்பகுத்தறிவு எம் நாட்டுக்கும் வேண்டற்பாலது. கிளைபோசேற் என்னும் களைநாசினி சிறுநீரக நோய்க்குக் காரணமாகலாம் என்னும் ஐயத்தால், 2015இல் இலங்கை அதனைத் தடைசெய்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அம்மருந்தைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றோடு வகைப்படுத்தியது. ஐரோப்பிய, அமெரிக்க அதிகாரிகளோ அம்முடிவை ஏற்கவில்லை. சிறுநீரக நோய்த் தொடர்பும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் விவசாய இரசாயனங்களின் இறக்குமதியே ஒருங்கு நிறுத்தப்பட்டு, விளைச்சலும் உழவர் வாழ்வும் இடர்ப்பட, அவ்வாண்டே அத்தடை மீளப்பெறப்பட்டது. அளவின்றித் தெளித்தலும் ஆயத்தமின்றித் தடுத்தலும் ஒரே குறையின் இரு முகங்கள். இரண்டிலும் ஆராய்ச்சி முந்துவதில்லை. பாதிக்கப்படுவோரிடம் எவரும் கேட்பதுமில்லை.

அம்மையார் நமக்கு விட்டுச்சென்றது அச்சமன்று, கேள்வியே. தெளிதாங்கியைத் தோளில் ஏற்றுமுன் போத்தலின் சுட்டுத்துண்டை வாசியுங்கள். உள்ளே இருப்பது யாது, எவ்வளவு, எக்களைக்கு உரியது, காற்று எத்திசை வீசுகின்றது, அடுத்த வளவில் யாருடைய கிணறு இருக்கின்றது என வினவுங்கள். வாசிக்க இயலாதவருக்கு வாசித்துச் சொல்வது, எழுத்தறிந்த பிள்ளைகளின் கடன்.