ஆசிரியர்களுக்கு ஆசான்

பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் என்றால் அந்த நாளில் இளக்காரம்தான். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து திரும்பியவர், அதட்டல்தான் பாடம். இந்த நிலையை மாற்ற முனைந்தவர், அமெரிக்கரான ஹாரி குரோ பக்.

1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவின் முன்னோடிப் பள்ளிகளில் ஒன்று அது. விளையாட்டு வீரனைவிட, அவனை உருவாக்கும் இளம் ஆசிரியனைப் பழக்குவதே அவர் வேலை. நமது சித்தூர் ஜில்லாவும் அன்று சென்னை மாகாணம்தான். திருப்பதியில் ரயிலேறினால் சென்னை ஒன்றும் தூரமில்லையே!

1924-ல் இந்திய அணியின் மேலாளராகப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். அந்தப் பெருமையோடு நின்றுவிடவில்லை. திரும்பி வந்து பயிற்சி ஆசிரியர்களையே உருவாக்கிக் கொண்டிருந்தார். 1940-ல் பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1943-ல் பக் காலமானார். நந்தனத்தில் அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது.