கடலைப் பார்த்துக் கேள்வி கேட்டவர்



நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைச் சுவைத்திருப்பீர்கள். பழத்தோலில் ஓர் ஓரத்தில் பூச்சி மருந்து ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. பழத்தை நசுக்கிச் சாறெடுத்துச் சோதித்தால் மருந்து இருப்பது தெரியும். ஆனால், எந்த இடத்தில் இருந்தது என்பது தெரியாது. நசுக்காமலே இடம் இடமாகச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு. அதற்கு வித்திட்டவர், தமிழகம் தந்த விஞ்ஞானி சர் சி.வி.ராமன்.

1888 நவம்பர் 7-ல் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். 11 வயதிலேயே மெட்ரிக்குலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது, 18 வயதில் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை வெளிநாட்டு இதழில் வெளியானது.

1907-ல் கல்கத்தாவில் அரசு நிதித்துறையில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. கை நிறையச் சம்பளம். ஆனாலும் அலுவலகம் போகும் முன்பும், திரும்பிய பின்பும் ஆய்வுக்கூடத்திலேயே இருப்பார். பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. 1917-ல் அந்த வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியர் ஆனார்!

1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று பெரிய விஞ்ஞானியான ராலே கூறியிருந்தார். ராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. தன்னிடமிருந்த சிறு ஸ்படிகக் கருவியால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

பிறகு பல ஆண்டுகள் மாணவர்களுடன் திரவங்களில் ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தார். அவர்களில் முக்கியமானவர் கே.எஸ்.கிருஷ்ணன். நம் வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தவர். 1928 பிப்ரவரி 28-ல் வெற்றி கிட்டியது. சிதறும் ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும், நம் கைரேகையைப் போல! இதுவே 'ராமன் விளைவு'. 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறிவியலுக்காக அதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

1960-ல் லேசர் வந்தது. பின்னர் அதை மைக்ராஸ்கோப்புடன் இணைத்தார்கள். பொருளின் மேல் ஒரு புள்ளியில் லேசரைப் பாய்ச்சி, அங்குள்ள 'ரேகை'யைப் பதிவு செய்வார்கள். பிறகு அடுத்த புள்ளி, அதற்கடுத்த புள்ளி... எல்லாவற்றையும் சேர்த்தால், எங்கே எது இருக்கிறது என்று காட்டும் படம் கிடைத்துவிடும். கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டுகிறீர்களே, அதுபோலத்தான்.

2017-ல் அமெரிக்காவில் ஆப்பிளை இம்முறையில் சோதித்தார்கள். பூச்சி மருந்து தோலின் மேலே மட்டுமல்ல, உள்ளேயும் இறங்கியிருந்தது. மேலே இருந்ததைக் கழுவி நீக்க முடிந்தது. உள்ளே இறங்கியது முழுதாகப் போகவில்லை. மருந்து அடித்து விவசாயம் செய்யும் எந்த ஊருக்கும் இது தெரிய வேண்டிய செய்தி அல்லவா? 2021-ல் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய 'பெர்சிவரன்ஸ்' ஊர்தியும் அங்குள்ள பாறைகளை இப்படித்தான் புள்ளி புள்ளியாக ஆராய்ந்தது.

1954-ல் பாரத ரத்னா பெற்ற ராமன், 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் மறைந்தார். அவர் கண்டுபிடிப்பு நிகழ்ந்த பிப்ரவரி 28-ஐத்தான் நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

குழந்தைகளே, பெரியவர்கள் சொன்ன விடையாக இருந்தாலும் ராமனைப் போல நீங்களும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். 'என்ன இருக்கிறது?' என்பதோடு நிறுத்தாமல், 'எங்கே இருக்கிறது?' என்றும் கேளுங்கள்!