இருட்டைப் படம் பிடித்த ஏழைச் சிறுவன்

பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது 2 மாதம்தான். 9 வயது நிரம்பும் முன்பே வேலைக்குப் போனார். பின்னாளில், இரவு வானத்தின் அதிசயங்களைப் போட்டோ எடுத்து உலகப் புகழ் பெற்றார்.

அவர் பெயர், எட்வர்டு எமர்சன் பர்னார்டு.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த நாஷ்வில் நகரில், 1857-ம் ஆண்டு டிசம்பர் 16-ந்தேதி பர்னார்டு பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாயார் மெழுகில் பூக்கள் செய்து விற்று, இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்.

அது அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். சாப்பாட்டுக்கே கஷ்டம். கோடை இரவுகளில், பழைய வண்டி ஒன்றில் மல்லாந்து படுத்து நட்சத்திரங்களைப் பார்ப்பான் சிறுவன். பெயர் ஒன்றும் தெரியாது. தலைக்கு மேலே வரும் ஒரு வெள்ளை நட்சத்திரம் மட்டும் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மொட்டை மாடியில் வேலை

1866-ல் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் அவனைச் சேர்த்துவிட்டார் தாயார்.

அப்போது மின்சார விளக்கு வரவில்லை. போட்டோவைப் பெரிதாக்குவதற்கு வெயில் வேண்டும். இதற்காக ஸ்டூடியோவின் மொட்டை மாடியில் ஒரு பெரிய கருவி இருந்தது. அது எந்நேரமும் சூரியனையே பார்த்தபடி இருக்க வேண்டும். சூரியன் நகர நகர, 2 சக்கரங்களைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

முன்பு இந்த வேலையைப் பார்த்த பையன்கள், வெயில் தாங்காமல் தூங்கிவிடுவார்கள். பர்னார்டு தூங்கவில்லை. கோடையிலும் குளிரிலும் கண்ணைச் சூரியன் மேலேயே வைத்திருந்தான். அதே ஸ்டூடியோவில் சுமார் 17 ஆண்டுகள் வேலை பார்த்தார். போட்டோ தொழில் முழுவதும் அவருக்கு அங்கேதான் கைவந்தது.

2 டாலர் புத்தகம்

1876-ல் தெரிந்தவர் ஒருவர், ஒரு புத்தகத்தை ஈடாக வைத்து அவரிடம் 2 டாலர் கடன் வாங்கினார். பணம் திரும்பி வரவில்லை. புத்தகம் பர்னார்டிடமே தங்கிவிட்டது.

அது வானாராய்ச்சிப் புத்தகம். அதில் நட்சத்திரங்களின் வரைபடங்கள் இருந்தன. பர்னார்டு ஜன்னலைத் திறந்தார். படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சின்ன வயதில் வண்டியில் படுத்துப் பார்த்த அந்த வெள்ளை நட்சத்திரத்தின் பெயர் வேகா என்று அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 380 டாலர் கொடுத்து, 5 அங்குல டெலஸ்கோப் ஒன்று வாங்கினார். அந்தப் பணம், அவருடைய ஓர் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு!

தூணுக்குப் பின்னால் கண்ணீர்

1877-ல் விஞ்ஞானிகள் மாநாடு நாஷ்வில்லில் நடந்தது. சைமன் நியூகோம் என்ற புகழ் பெற்ற வானாராய்ச்சி நிபுணர் வந்திருந்தார். பர்னார்டு கூச்சத்தோடு அவரை அணுகி, ஆலோசனை கேட்டார்.

கணிதம் தெரியாமல் இந்தத் துறையில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று நியூகோம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பர்னார்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் அழுதார்.

ஆனால் அழுததோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வாத்தியார் வைத்துக் கணிதம் படிக்கத் தொடங்கினார். பகலில் ஸ்டூடியோ. மாலையில் பாடம். இரவில் டெலஸ்கோப். நோயாளித் தாயாரையும் கவனிக்க வேண்டும். 1881-ல் ரோடா கால்வர்ட் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். ரோடா, மாமியாரைக் கவனித்துக்கொண்டு கணவரைப் படிக்க வைத்தார்.

வால் நட்சத்திரம் கட்டிய வீடு

அந்த நாளில், புதிய வால் நட்சத்திரம் கண்டுபிடிக்கும் அமெரிக்கருக்கு 200 டாலர் பரிசு தருவதாக, வார்னர் என்ற மருந்து வியாபாரி அறிவித்திருந்தார். 1881-ல் பர்னார்டு அந்தப் பரிசைப் பெற்றார். அதை முன்பணமாகப் போட்டு ஒரு சிறு வீடு கட்டினார். மீதி கடன். தவணை கட்ட முடியாமல் தவிக்கும்போது இன்னொரு வால் நட்சத்திரம் அகப்படும். பரிசுப் பணம் கடனுக்குப் போகும். ஊரார் அதை வால் நட்சத்திர வீடு என்றே அழைத்தார்கள்.

1883-ல் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், அவருக்கு உதவித்தொகை தந்து சேர்த்துக்கொண்டது.

குமாஸ்தா வேலை

கலிபோர்னியா மாநிலத்தில் மலை உச்சியில் லிக் வானாராய்ச்சி நிலையம் கட்டப்பட்டு வந்தது. அங்கே வேலை கிடைக்கும் என்று நம்பி, 1887-ல் இருந்த வேலையை விட்டுவிட்டு மனைவியுடன் சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். கட்டிட வேலை முடியவில்லை. கையில் காசும் இல்லை. ஒரு வக்கீல் ஆபீசில், பத்திரங்களை நகல் எடுக்கும் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். 1888-ல் நிலையம் திறந்தது. அங்கே அவருக்கு வேலையும் கிடைத்தது.

அங்கே இருந்த 36 அங்குலப் பெரிய டெலஸ்கோப்பை முதலில் அவருக்குத் தரவில்லை. விடாமல் போராடி, 1892-ல் வாரத்தில் ஓர் இரவு, வெள்ளிக்கிழமை இரவு, வாங்கினார். அப்படி வந்த ஒரு வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 9-ந்தேதி, வியாழன் கிரகத்தின் 5-வது சந்திரனைக் கண்டுபிடித்தார். 1610-ல் கலிலியோ 4 சந்திரன்களைப் பார்த்ததற்குப் பிறகு, 282 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத சந்திரன் அது!

பழைய லென்ஸ் செய்த புதுமை

பெரிய டெலஸ்கோப் கிடைக்காத நாட்களில் பர்னார்டு வேறொரு காரியம் செய்தார். சான்பிரான்சிஸ்கோ போட்டோக்காரர் ஒருவரிடம் இருந்து வந்த பழைய 6 அங்குல லென்ஸ் அங்கே இருந்தது. ஆட்களின் முகத்தைப் படம் எடுத்த லென்ஸ். அதை வானத்தின் பக்கம் திருப்பினார்.

இரவு வானத்தைப் படம் எடுப்பது எளிதல்ல. வெளிச்சம் மிகக் குறைவு. காமிராவை மணிக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். காமிராவும் கூடவே நகராவிட்டால், புள்ளி எல்லாம் கோடாகிவிடும். கருவியை நகர்த்தும் கடிகார இயந்திரத்தை நம்பி இருக்க முடியாது. ஒரு நட்சத்திரத்தின் மேல் கண்ணை வைத்து, கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மொட்டை மாடியில் 9 வயதுப் பையன் பார்த்த அதே வேலை! அன்று சூரியன். இப்போது நட்சத்திரம்.

1889-ல் அவர் எடுத்த படங்களில் பால்வெளி மண்டலம், நட்சத்திர மேகங்களாகக் குவிந்து கிடப்பது தெரிந்தது. 1892 அக்டோபர் 13-ந்தேதி எடுத்த படத்தில், யாரும் அதுவரை பார்த்திராத வால் நட்சத்திரம் ஒன்று விழுந்திருந்தது. இப்படி இரவு வானப் படத்தில் முதலில் அகப்பட்ட வால் நட்சத்திரம் அதுதான்.

1895-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். தண்ணீர் உறையும் குளிரிலும், வெட்டவெளி போன்ற கூண்டுக்குள் விடிய விடிய நிற்பார். வடக்கு வானில் துருவ ஒளி தோன்றிய இரவுகளை எல்லாம் குறித்து வைத்தார். சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில், நடு இரவில் மங்கலாகத் தெரியும் அபூர்வமான எதிரொளியைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதினார். கிரகங்களுக்கு இடையே மிதக்கும் தூசியில் சூரிய வெளிச்சம் பட்டுத் திரும்புவதே அந்த ஒளி.

ஓட்டையா? மேகமா?

அவருடைய படங்களில் ஒரு புதிர் இருந்தது. நட்சத்திரங்கள் மணலாகக் கொட்டிக் கிடக்கும் இடத்தின் நடுவே, கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். அங்கே நட்சத்திரமே இல்லை. வெறும் ஓட்டை என்றே பலரும் நினைத்தார்கள். பர்னார்டும் நெடுநாள் அப்படித்தான் நம்பினார்.

1913-ம் ஆண்டு கோடையில், நிலவில்லாத ஓர் இரவு. பால்வெளியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சின்னஞ்சிறு மேகங்கள் மிதந்து வந்தன. பால்வெளியின் வெளிச்சத்துக்கு முன்னால், அவை மைத் துளிகள் போல் கறுப்பாகத் தெரிந்தன. படத்தில் உள்ள திட்டுகளும் அப்படியே இருந்தன!

அந்த இடங்கள் காலி இல்லை, ஏதோ ஒன்று நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. தாம் முன்பு நம்பியதை மாற்றிக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. 1919-ல், 182 கறுப்புத் திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். அவை குளிர்ந்த வாயுவும் தூசியும் சேர்ந்த மேகங்கள். புதிய நட்சத்திரங்கள் அவற்றுக்குள்தான் பிறக்கின்றன என்பது பிற்காலத்தில் தெரிய வந்தது.

கடைசிப் புத்தகம்

தம் படங்களைப் புத்தகமாக்க பர்னார்டு ஆசைப்பட்டார். அச்சில் படம் கெட்டுவிடும் என்பதால், அசல் போட்டோக்களையே ஒட்டச் சொன்னார். 700 பிரதிகளுக்கு 35,700 போட்டோக்கள். ஒவ்வொன்றையும் தாமே கையில் எடுத்துப் பார்த்தார். ஸ்டூடியோவில் பழகிய பழக்கம் போகவில்லை.

1921-ல் மனைவி ரோடா இறந்தார். குழந்தை இல்லை. சர்க்கரை வியாதியும் அவரை வாட்டியது. 1923-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந்தேதி, 65-வது வயதில் பர்னார்டு காலமானார். பிறந்த ஊரான நாஷ்வில்லில் அடக்கம் செய்யப்பட்டார்.

புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. மனைவியின் சகோதரர் மகள் மேரி கால்வர்ட் மீதி வேலையை முடித்துக் கொடுத்தார். 1927-ல் புத்தகம் வெளிவந்தது. அதில் 349 கறுப்பு மேகங்கள் இடம்பெற்றன. வானாராய்ச்சியாளர்கள் அவற்றை அழைப்பது பர்னார்டு என்ற பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துத்தான்.

ஒன்றும் இல்லை என்று உலகம் ஒதுக்கிய இருட்டுக்கு, மொட்டை மாடிப் பையனின் பெயர் நிலைத்துவிட்டது.