மடாதிபதி மெண்டல்

மனிதனின் மரபணு ஏட்டைப் படிக்கும் மகத்தான முயற்சி 1990-ம் ஆண்டில் தொடங்கி, 2003-ல் பெரும்பாலும் நிறைவேறியது. விடுபட்டிருந்த பகுதிகளும் 2022, 2023-ம் ஆண்டுகளில் வாசிக்கப்பட்டுவிட்டன. சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்டது இவ்வேடு. பல தேசத்து விஞ்ஞானிகளின் உழைப்பும் ஏராளமான பொருளும் இதற்குத் தேவையாயின. ஆயினும், இதற்கு அஸ்திவாரம் இட்டவர் ஓர் ஏழைக் குடியானவர் மகன் என்பதை நாம் மறக்கலாகாது.

கிரிகோர் மெண்டல் 1822-ல் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். படிக்கப் பணமில்லை, தங்கை தமது சீதனத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து உதவினார். 1843-ல், இன்றைய செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரத்து மடத்தில் சேர்ந்தார். உபாத்தியாயர் பரீட்சையில் 1850-ல் தவறினார். வியன்னா சர்வகலாசாலையில் பயின்று வந்து 1856-ல் மீண்டும் முயன்றும் தேறவில்லை.

அதே ஆண்டில் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்டு ஆராயலானார். எட்டாண்டுகளில் சுமார் 28,000 செடிகளைப் பரிசோதித்தார். உருண்டை மணிச் செடியையும் சுருங்கிய மணிச் செடியையும் இணைத்தபோது, முதல் தலைமுறையில் அத்தனையும் உருண்டை. அடுத்த தலைமுறையிலோ உருண்டை 5,474; சுருங்கியவை 1,850. அதாவது மூன்றுக்கு ஒன்று. மறைந்த குணம் அழியவில்லை. குணங்கள் பாலும் நீரும் போல் கலந்துவிடுவதில்லை. தாய் வழி ஒரு பங்கும் தந்தை வழி ஒரு பங்குமாகத் தனித்தனியே இறங்கி வருகின்றன என்று அவர் கண்டார்.

இவ்வுண்மையை 1865-ல் பிர்னோ சங்கத்தில் வாசித்தார். மறு ஆண்டு அச்சேறிற்று. உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1868-ல் மடாதிபதியானார். 1874-ல் சர்க்கார் மடங்களின்மீது புது வரி விதித்தது. அது அநியாயம் எனக் கூறிச் செலுத்த மறுத்தார். மடத்துச் சொத்தைச் சர்க்கார் வசப்படுத்தியும் அவர் பணியவில்லை. 1884 ஜனவரி 6-ந் தேதி காலமானார். அவருடைய காகிதங்களிற் பெரும்பாலானவை மடத்திலேயே எரிக்கப்பட்டன. 1900-ல் டி விரீஸ், கோரன்ஸ், ஷெர்மாக் ஆகிய மூவர் அவருடைய விதிகளை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர்.

அவரது 200-வது ஜயந்தியை முன்னிட்டு, 2021-ல் கல்லறையைத் திறந்து அவருடைய மரபணு ஏட்டையே விஞ்ஞானிகள் வாசித்தனர். சில நோய்களுக்குரிய அடையாளங்கள் தென்பட்டனவாம். ஆனால் எட்டாண்டு பட்டாணி எண்ணிய பொறுமையும், அதிகாரத்துக்கு வளையாத முதுகும் எந்த எழுத்தில் உள்ளன என்று யாரும் காட்டவில்லை. அவை பிறப்போடு வந்த சொத்தல்ல. அவரே தேடிக்கொண்டவை என்பதே நமது துணிபு.

பரீட்சைகள் அளக்கத் தவறிய அறிவை ஒரு தோட்டமும் அவகாசமும் வளர்த்தன. நம் நாட்டிலும் பட்டமின்றி ஒதுக்கப்பட்ட மெண்டல்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு தோட்டத்தையேனும் அளிப்பது சர்க்காருக்கும் சர்வகலாசாலைகளுக்கும் உரிய கடமையாகும்.